எண்பத்து நான்கு மார்க் வாங்கிய வெள்ளைப் படகு

போன வாரம் ஷெட்டிலிருந்து உங்களில் இரண்டு பேர் எனக்குப் போன் செய்தீர்கள். பழைய பாய்மரப் படகுகளை ஒப்பிட்டுப் பார்க்க நான் தயாரித்த மார்க் ஷீட் ஒன்று இருந்ததாமே, அதன் காப்பி கிடைக்குமா என்று கேட்டீர்கள். என்னிடம் இருக்கிறது. தர மாட்டேன். ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ரிட்டையர் ஆனவள் வீம்பு பிடிக்கிறாள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஷெட்டில் சேர்ந்த புதிதில் உங்களுக்கும் இந்தக் கேலி கிடைத்திருக்கும். ஒரகடத்தில் கடல் எங்கே இருக்கிறது, ஏரியில் ஓட்டப் போகிறீர்களா என்று ஷேர் ஆட்டோக்காரர் முதற்கொண்டு கேட்பார்கள். பஸ்ஸுக்கு முன்பக்க பேனலும் தண்ணீர்த் தொட்டியும் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபைபர் ஷெட் இது. நம் முதலாளிக்குப் பாய்மரப் படகுப் பைத்தியம். வெளிநாட்டுக்காரர்கள் ஓட்டி வந்து, உடம்புக்கு முடியாமலோ மனசு விட்டுப்போயோ துறைமுகங்களில் விட்டுச் சென்ற பழைய படகுகளை வாங்கி, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். ஓட்டை அடைத்து, பெயின்ட் அடித்து, வாங்க ஆள் தேடுவார். கார் ஏற்றிப் போகும் நீள டிரெய்லர்களுக்கு நடுவில் ஒரு படகு சிக்னலில் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து எத்தனையோ பேர் செல்போனில் படம் எடுத்திருக்கிறார்கள்.

நான் கடலிலிருந்து வந்தவள் அல்ல. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினொரு வருஷம் கார் பம்பர் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவள். இந்த வட்டாரத்தில் எதற்குத்தான் மார்க் இல்லை? கேன்டீனுக்கு மார்க், கழிவறைக்கு மார்க், ஷூ லேஸ் கட்டியதற்கு மார்க். வெளியிலிருந்து ஆடிட்டர் வருகிறார் என்றால் மாமியார் வருவதைப் போல இரண்டு நாள் கூட்டிப் பெருக்குவோம். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தவள், படகுக்கும் ஒரு ஆடிட் ஷீட் போட்டேன். வேகத்துக்கு முப்பது, வசதிக்கு முப்பது, குடியிருக்கத் தோதானதா என்பதற்கு நாற்பது. மொத்தம் நூறு. முதலாளி பார்த்துவிட்டு, "ஸ்டெல்லா, இத்த வெச்சே படக வித்துடலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில் ஷெட்டில் இரண்டு படகுகள் பக்கத்துப் பக்கத்தில் தாங்கு கட்டைகள் மேல் நின்றன. ஒன்று பச்சை. குறுகலானது, கனமானது, நாற்பது வருஷத்துக்கும் மேல் வயதானது. உள்ளே இறங்கினால் மதியத்திலும் விளக்கு வேண்டும். மற்றது வெள்ளை. பச்சையைவிடப் பத்துப் பதினைந்து வருஷம் இளையது. நீளம் கூடுதல், எடை குறைவு. அகலமான உள்ளறை, பெரிய ஜன்னல்கள், பின்பக்கம் இரண்டு பேர் புரண்டு படுக்கிற கட்டில். ஹாலில் பத்து பேரை உட்காரவைத்துப் பந்தி பரிமாறலாம் போல இருக்கும்.

இரண்டையும் பார்க்க வந்தவர்கள் தணிகாசலம் சாரும் அவர் மனைவி கனகாக்காவும். சார் ஒரு கார் ஆலையில் பிரஸ் ஷாப் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பெனிக்காரர்களோடு பழகி சென்னையில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டவர். கனகாக்கா இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறைகளில் தங்கியிருந்த பையன்களுக்கு மெஸ் நடத்தியவர். மூன்று ஷிஃப்ட்டுக்கும் சோறு, இருபத்திரண்டு வருஷம். இருந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனிமேல் படகுதான் வீடு. பாய் விரித்துக் கரையோரமாகவே போவது, பிடித்த ஊரில் நிற்பது என்று முடிவு.

கணவர் பைத்தியத்துக்கு மனைவி தலையாட்டுகிறார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படியல்ல. அவரைவிட இவருக்குத்தான் ஆசை அதிகம்.

"இருவத்திரண்டு வருசமா எவனாவது ஒருத்தன் கதவத் தட்டிகினே இருந்தான் ஸ்டெல்லா. அக்கா சோறு கீதா, அக்கா கொழம்பு கீதான்னு. கடல்ல எவன் வந்து தட்டுவான்?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு மிகவும் பிடித்தது.

நான் இரண்டு படகுகளையும் அவர்களுக்குச் சுற்றிக் காட்டினேன். கையில் ஷீட், காதில் பேனா. பச்சைப் படகின் சமையல் மேடை குதிரை லாடம் போல வளைந்து, ஒரு ஆள் நுழைகிற இடைவெளி மட்டும் விட்டிருக்கும். கனகாக்கா அதற்குள் போய் நின்று இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்தார். இரண்டு பக்கச் சுவரும் கைக்கு எட்டின.

"இங்க நின்னா ரெண்டு பக்கமும் முட்டு கீது. ஆடினாக்கூட விழமாட்டேன் போல" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே, "ஆமாக்கா, ரொம்ப நெருக்கம்" என்று சொல்லி, சமையலறை என்ற கட்டத்தில் பத்துக்கு மூன்று போட்டேன். எனக்கு அவர் குறை சொல்வது போலத்தான் காதில் விழுந்தது. இத்தனைக்கும் சமையல் மேடைக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றவர் அவர். நான் வீட்டில் சாம்பார் வைத்தால் பிள்ளைகள் ஊறுகாய் கேட்பார்கள்.

வெள்ளைப் படகில் சமையல் மேடை ஒரு சுவரோரமாக நேராக ஓடியது. எதிரே வெட்டவெளி. பத்துக்கு ஒன்பது. கைப்பிடி உண்டா இல்லையா என்று ஒரு கட்டம் இருந்தது. கூரையில் ஸ்டீல் கம்பி இரண்டு வரிசை போட்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நல்ல உறுதி. உண்டு என்று டிக் அடித்தேன். நான் ஐந்தடி ஏழு அங்குலம். கனகாக்கா என் தோள்பட்டைக்குத்தான் வருவார்.

வேகத்தை நீளம், எடை, பாயின் பரப்பு எல்லாம் வைத்துக் கணக்குப் போட்டேன். எதிர்க்காற்றிலும் நன்றாகப் போகும் என்று குறிப்பும் எழுதி, வெள்ளைக்கு முப்பதுக்கு இருபத்தேழு போட்டேன். மொத்தம் எண்பத்து நான்கு. பச்சைக்கு ஐம்பத்தெட்டு. தணிகாசலம் சார் ஷீட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். ஆலையில் அவர் காலமெல்லாம் பார்த்த காகிதம் அது. "இதுக்கு மேல இன்னா வேணும்? க்ளியரா கீது" என்றார். கனகாக்கா பச்சைப் படகை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "படிச்சவங்க போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு படகுகளும் சமதரையில், ஆடாமல் அசையாமல், தாங்கு கட்டையில் நின்றன. சிமென்ட் தரை மட்டம் பார்த்துப் போட்டது. நான் பார்த்ததெல்லாம் அந்த நிலையில்தான். பம்பர் ஆடாது. பம்பரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் படகும் ஆடாத பொருளாகத்தான் தெரிந்தது. இந்தத் தவறைக் கடலோரத்தில் பிறந்த ஒரு சின்னப் பிள்ளை செய்யாது. நம் ஷெட்டில் இருக்கிற நாம்தான் செய்வோம்.

தை மாதம் பொங்கல் கழிந்து படகைச் சென்னையில் தண்ணீரில் இறக்கினார்கள். முதல் பயணம் புதுச்சேரிக்கு. கூட வா என்று கனகாக்கா கூப்பிட்டார். என் மார்க் ஷீட் ஓடுவதைப் பார்க்கும் ஆசையில் நானும் ஏறிக்கொண்டேன். எண்ணூர்ப் பக்கத்து ஆள் ஒருவரை உதவிக்குச் சம்பளம் பேசி அழைத்து வந்திருந்தார்கள். அதிகம் பேசாதவர். உள்ளறையில் இறங்கி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மேலே வந்தவர், "ஹாலு பெருசா கீது" என்றார். நான் பெருமையாகத் தலையாட்டினேன். அவர் மெச்சவில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

காலையில் கிளம்பினோம். வாடைக்காற்று முதுகில் தள்ள, படகு பறந்தது. கோவளம் தாண்டும்போது மணி பத்து இருக்கும். கடல் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. பின்பக்கமாகச் சாய்வாக வந்த அலைகளில் படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. டீ போடுகிறேன் என்று கனகாக்கா உள்ளே இறங்கினார். நான் அவர் பின்னால் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். அதனால் முழுவதையும் பார்த்தேன்.

ஒரு அலை மற்றவற்றைவிடக் கோணலாக வந்தது. படகு ஒரே பக்கமாகச் சாய்ந்தது. கனகாக்காவின் கை மேலே போனது, கம்பியைத் தேடி. விரல் நுனிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. பக்கத்தில் சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை. நான் பத்துக்கு ஒன்பது போட்ட அந்த வெட்டவெளியில் அவர் அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அப்படியே போய், மேஜை விளிம்பில் இடுப்பு மோதி விழுந்தார். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்பது பார்த்ததுமே தெரிந்தது. கால் திரும்பிக் கிடந்த விதம் அப்படி. தலையணைகளை இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்து, பாய் கட்டும் கயிற்றால் காலோடு காலைச் சேர்த்துக் கட்டினோம். ரேடியோவில் துறைமுகத்துக்குச் சொன்னோம். திரும்பி வாருங்கள், கரையில் ஆம்புலன்ஸ் நிற்கும் என்றார்கள். கோவளத்திலேயே கரையேற்றலாமா என்று கேட்டேன். "அலை ஒடையற எடம் மேடம். ஃபைபர் போட்டுல தூக்கிப் போட்டு எறக்கணும். இந்த ஒடம்பு தாங்காது" என்றார் எண்ணூர்க்காரர். ஆகவே வந்த வழியே, காற்றுக்கும் அலைக்கும் எதிராக, சென்னைக்கு.

தணிகாசலம் சார் பாயை இறக்கிவிட்டு எஞ்சினை முழு வேகத்தில் வைத்தார். இலேசான அகலப் படகு எதிர் அலையில் ஏறி ஏறி விழுந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் சிமென்ட் தரையில் விழுவதைப் போல இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கனகாக்கா கத்தினார். தரையில் அவர் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது அடியோ ஆறாவது அடியோ, அவர் கத்துவதை நிறுத்திவிட்டு என் கையைக் கடித்தார்.

நான் மேலே ஓடினேன். "சார், கொறைங்க. வேகத்தக் கொறைங்க."

"கொறைச்சா எப்ப போய்ச் சேர்றது? உயிரு போய்க்கினு கீது!"

"அடி தாங்க முடியல சார் அவங்களால."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? வேகம் முப்பதுக்கு இருவத்தேழுன்னு? எதிர்க்காத்துல நல்லாப் போவும்னு எழுதிகீதே! இப்ப ஓட்டாதன்றீங்க?"

எண்ணூர்க்காரர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் சொல்வதைக் கேட்பது என்று அவர் காத்திருந்தார்.

உங்களிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை. அந்த ஒரு நிமிஷம் என் மனசு என் ஷீட்டுக்குத்தான் வக்காலத்து வாங்கியது. அந்தக் கணக்கு தட்டையான தண்ணீருக்கு, இந்த அலைக்கு அல்ல, எஞ்சின் வேறு, பாய் வேறு, ஓட்டுகிறவர் சரியில்லை. சொல்வதற்கு வாய் நிறைய இருந்தது. எல்லாமே ஓரளவுக்கு உண்மையும்கூட. ஆனால் அதைச் சொல்லி வாதாடினால் பத்து நிமிஷம் போகும். அந்தப் பத்து நிமிஷத்தில் கீழே எத்தனை அடி விழும்? ஷீட்டையும் காப்பாற்றி அவரையும் காப்பாற்ற முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அது தப்பு சார்" என்றேன். "ஷெட்ல நின்ன போட்டப் பாத்து எழுதினது. எனக்குக் கடல் தெரியாது. நான் போட்ட மார்க் எல்லாமே தப்பு. கொறைங்க."

அவர் கை லீவரில் அப்படியே இருந்தது. எண்ணூர்க்காரர்தான் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு, வேகத்தை நன்றாகக் குறைத்தார். அலையை நேராக வாங்காமல் சாய்த்துச் சாய்த்து ஓட்டினார். நான் கீழே போய் உட்கார்ந்தேன். கனகாக்கா முனகினார், கத்தவில்லை.

கரை சேர ஆறு மணி நேரம் ஆனது. முழு வேகத்தில் வந்திருந்தால் நான்கில் வந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாமே என்றார். இன்னொருவர், அலைக்கழிக்காமல் கொண்டு வந்தது நல்லது என்றார். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தணிகாசலம் சாருக்கு முதல் டாக்டர் சொன்னதுதான் காதில் நிற்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆபரேஷன் முடிந்து, கனகாக்கா வாக்கர் பிடித்து நடக்கும் அளவுக்கு வந்தார். அதற்கு மேல் வரவில்லை. படகின் ஏணியில் இனி அவரால் ஏற முடியாது. ஸ்ரீபெரும்புதூரில், கோயிலுக்குப் போகும் வழியில் தரைத்தளமாகப் பார்த்து ஒரு போர்ஷன் வாடகைக்கு எடுத்துக் குடியேறினார்கள். தெருவோரத்து வீடு. நாள் முழுக்க யாராவது கதவைத் தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

வெள்ளைப் படகு திரும்ப நம் ஷெட்டுக்கே வந்து அதே கட்டையில் நின்றது. ஏழெட்டு மாசம் கழித்து, பெங்களூரிலிருந்து ஒரு இளம் தம்பதி வாங்க விரும்பினார்கள். அந்தப் பெண்தான் என்னோடு போனில் பேசினாள். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுப் படகில் வாழப் போகிறார்களாம். குரலில் அப்படி ஒரு துள்ளல். எண்பத்து நான்கு மார்க் வாங்கிய ரிப்போர்ட் இருக்கிறதாமே மேடம், அனுப்ப முடியுமா என்று கேட்டாள்.

முதலாளி, "அனுப்பிடு, போட்டு அதே போட்டுதான" என்றார். தணிகாசலம் சாரும் போன் செய்தார். "ஸ்டெல்லா மேடம், எங்களுக்கு அத்த வித்தாவணும். பழைய ரிப்போர்ட்ட அப்படியே அனுப்பிடுங்க. தயவு பண்ணி ஒண்ணும் மாத்தாதீங்க" என்றார். என்னால் நிலைகுலைந்த குடும்பம் அது. அந்தக் குடும்பம் கேட்கிற ஒரே உதவி, நான் பொய்யை மாற்றாமல் விடுவது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு.

மூன்றாம் நாள் உட்கார்ந்து புது ரிப்போர்ட் எழுதினேன். மார்க் போடவில்லை. நான்கு பக்கம் வந்தது. கூரைக் கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சமையல் மேடைக்கும் மேஜைக்கும் நடுவே எத்தனை அடி வெட்டவெளி, எதிர் அலையில் எப்படி அடிக்கும் என்று எழுதினேன். இதே படகில் ஒரு பெண் விழுந்து இடுப்பு முறிந்தது என்றும் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் கனகாக்காவிடம் காட்டிவிட வேண்டும் என்று ஸ்ரீபெரும்புதூருக்குப் போனேன். சார் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் போனேன், அந்தக் கோழைத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, நான் படிக்கப் படிக்க அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"ஒரு பெண்ணுன்னு எதுக்கு மொட்டையா எழுதிகீற? என் பேரப் போடு" என்றார்.

"வாங்காமப் போயிடுவாங்கக்கா. சார் அத்தத்தான் நம்பிகினு இருக்காரு."

"விக்கலன்னா நிக்கட்டும். அவரண்ட நான் பேசிக்கறேன்."

பேனாவை எடுத்து, ஒரு பெண் என்பதை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். நன்றாகச் செய்துவிட்டோம் என்ற எண்ணம்கூட எனக்கு வந்தது. தப்பைத் திருத்தியாயிற்று, உண்மையை எழுதியாயிற்று, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று காகிதங்களை மடித்துப் பையில் வைத்தேன்.

கனகாக்கா கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு இன்னா ஒசரம்?"

கம்பியின் உயரத்தை மூன்று இடத்தில் டேப் வைத்து அளந்து எழுதியிருந்தேன். அந்தப் பெண்ணோடு இரண்டு முறை போனில் பேசியிருந்தேன்.

"இன்னும் கேக்கலையா நீ?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சோறு தீர்ந்த பிறகு வந்து நிற்கும் பையனைக் கேட்பதைப் போலத்தான் கேட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் பெங்களூருக்குப் போன் போட்டேன்.